மூலத்திலிருந்து பில்ட் செய்யும்போது எந்த ஃப்ளாக் நல்லது? ஓ2 போதுமா, ஓ3 போடலாமா?

புதுநிரல்:
வணக்கம். லினக்ஸில் ஒரு இமேஜ் புராசஸிங் நூலகத்தை மூலத்திலிருந்து பில்ட் செய்கிறேன். டிஸ்ட்ரோவில் வரும் பேக்கேஜ் எல்லாக் கணினிக்கும் பொதுவானது, நம் பிராசஸருக்கென்றே கம்பைல் செய்தால் இன்னும் வேகமாக ஓடும் என்று பல இடங்களில் படித்தேன். அதனால் கான்ஃபிகர் ஓட்டும்போது சிஃப்ளாக்ஸில் (கம்பைலருக்கான ஃப்ளாக், அதாவது விருப்பங்களை வைக்கும் மாறி) -மார்ச்=நேட்டிவ் (இந்தக் கணினியின் பிராசஸருக்கென்றே கம்பைல் செய் என்பது) கொடுத்தேன். பில்ட் எந்தப் பிழையும் இல்லாமல் முடிந்தது. ஆனால் அதே படத்துக்கு அதே ஃபில்டரைப் போட்டால், டிஸ்ட்ரோ பேக்கேஜைவிடப் பல மடங்கு நேரம் எடுக்கிறது!

கம்பைலர் ஜிசிசி 13, பிராசஸர் 64-பிட் இன்டெல். ஆப்டிமைசேஷன் நிலையாக (வேகத்துக்காகக் கம்பைலர் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பது) ஓ3 சேர்க்க வேண்டுமா, ஓஃபாஸ்ட் போட வேண்டுமா? நீங்கள் எல்லாம் என்ன ஃப்ளாக் வைத்திருக்கிறீர்கள்?

வேகவெறியன்:
இதை அப்படியே காப்பி பண்ணிப் போடுங்கள் ப்ரோ: -ஓஃபாஸ்ட் -மார்ச்=நேட்டிவ் -எஃப்அன்ரோல்-லூப்ஸ் -எஃப்ஒமிட்-ஃப்ரேம்-பாயின்டர் -எஃப்எல்டிஓ -பைப். வருஷக்கணக்காக என் மொத்த சிஸ்டமும் இதில்தான் ஓடுகிறது. பறக்கும்.

பொட்டலம்:
வேகவெறியன், அந்த ஆறில் இரண்டை இப்போதே எடுத்துவிடலாம். -பைப் என்பது கம்பைலரின் கட்டங்களுக்கு நடுவே தற்காலிகக் கோப்பு எழுதாமல் பைப் வழியாக அனுப்பச் சொல்வது மட்டும்தான். வெளிவரும் பைனரியில் ஒரு பைட்டும் மாறாது. ஃப்ரேம் பாயின்டரை (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்று தொடர உதவும் ரெஜிஸ்டர்) விட்டுவிடுவது 64-பிட் எக்ஸ்86இல் ஓ1 முதலே ஜிசிசி தானாகச் செய்வது. 32-பிட் காலத்தில் ரெஜிஸ்டர் பற்றாக்குறை இருந்ததால் அந்த ஃப்ளாக்குக்கு அவ்வளவு மவுசு. இப்போது ஃபெடோராவும் உபுண்டுவும் புரொஃபைலிங் எளிதாக இருக்கட்டும் என்று ஃப்ரேம் பாயின்டரை வேண்டுமென்றே திரும்பக் கொண்டுவந்திருக்கின்றன. ஃபெடோரா 38இலிருந்து, உபுண்டு 24.04இலிருந்து.

புதுநிரல், ஃப்ளாக் எதையும் மாற்றாதீர்கள். மேக் கட்டளையோடு வி=1 சேர்த்து ஓட்டி, ஏதாவது ஒரு கோப்புக்குக் கம்பைலர் அழைக்கப்படும் முழு வரியையும் பாருங்கள். அதில் ஓ என்று தொடங்கி எண்ணில் முடியும் ஃப்ளாக் ஏதாவது இருக்கிறதா?

புதுநிரல்:
பார்த்தேன். ஜிசிசி, சில -டி மேக்ரோக்கள், ஹெட்டர் பாதைகள், -மார்ச்=நேட்டிவ், கோப்பின் பெயர். அவ்வளவுதான். ஓ2வும் இல்லை, ஓ3யும் இல்லை.

பொட்டலம்:
அதுதான் காரணம். நீங்கள் பில்ட் செய்தது ஓ0, அதாவது ஆப்டிமைசேஷனே இல்லாதது.

ஆட்டோகான்ஃப் பயன்படுத்தும் (உங்களுடையது போல கான்ஃபிகர் ஓட்டும்) திட்டங்களில், சிஃப்ளாக்ஸ் என்று நீங்கள் எதுவுமே கொடுக்காவிட்டால் அது தானாக "-ஜி -ஓ2" என்று வைத்துக்கொள்ளும் (-ஜி என்பது டீபக் தகவலுக்கு). நீங்கள் ஏதாவது ஒன்று கொடுத்தால், அது அந்த இரண்டோடு சேராது. அந்த இரண்டையும் தூக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். ஓ நிலை எதுவும் சொல்லாவிட்டால் ஜிசிசிக்கு ஓ0 என்று பொருள். ஓ0இல் ஒவ்வொரு மாறியும் நினைவகத்துக்குப் போய்ப் போய்த் திரும்பும். ஏவிஎக்ஸ்2 (ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாளும் பிராசஸர் வசதி) இருந்தும் அதைக்கொண்டு லூப்பை வெக்டரைஸ் செய்ய ஆள் இருக்காது. "-ஓ2 -ஜி -மார்ச்=நேட்டிவ்" என்று முழுசாகக் கொடுத்து, மேக் கிளீன் போட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ஒவ்வொரு பில்ட் சிஸ்டமும் இதில் ஒவ்வொரு விதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு வேறு திட்டத்தில் இதே கேள்வி வரும். சிமேக்கில் பில்ட் டைப் சொல்லாமல் விட்டால் எந்த ஓ ஃப்ளாக்கும் போகாது (திட்டத்தின் ஆசிரியரே ஒரு டீஃபால்ட் வைத்திருந்தால் தவிர). ரிலீஸ் என்றால் -ஓ3, கூடவே என்டீபக் மேக்ரோ (நிரலுக்குள் இருக்கும் அசெர்ட் சோதனைகளை நீக்குவது). ரெல்வித்டெப்இன்ஃபோ என்றால் -ஓ2 -ஜி, அதிலும் என்டீபக் உண்டு. மேசான் டீஃபால்ட்டாக டீபக், அதாவது ஓ0. ரிலீஸ் என்று கேட்டால் ஓ3. ஆனால் மேசான் அசெர்ட்டுகளைத் தானாக எடுக்காது, அதற்குத் தனி விருப்பம். ஆக, இரண்டு பேர் "நான் ரிலீஸ் பில்ட் போட்டேன்" என்று சொல்லி வேகத்தை ஒப்பிட்டால், ஒருவருடையதில் அசெர்ட் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், இன்னொருவருடையதில் இருக்காது.

அப்புறம், கையால் எழுதிய மேக்ஃபைல்கள். அதற்குள் சிஃப்ளாக்ஸ் = என்று எழுதியிருந்தால் ஷெல் என்விரான்மென்டில் நீங்கள் வைத்தது செல்லாது, மேக்ஃபைலில் இருப்பதுதான் செல்லும். மேக் கட்டளை வரியிலேயே கொடுத்தால் உங்களுடையது செல்லும், ஆனால் ஆசிரியர் அதே மாறியில் -எஃப்பிஐசி (ஷேர்டு லைப்ரரிக்குத் தேவைப்படுவது) போன்ற அவசியமானவற்றைச் செருகியிருந்தால் அவையும் சேர்ந்து போய்விடும். முன்னும் இடிக்கும், பின்னும் இடிக்கும். அதனால்தான் முதலில் அந்த முழு வரியைப் பார்க்கச் சொன்னேன். நின்ஜா என்ற பில்ட் கருவியில் வி=1க்குப் பதில் -வி.

வேகவெறியன்:
சரி, ஓ0 என்று யாருக்குத் தெரியும். ஆனால் ஓ2விலேயே ஏன் நிறுத்துகிறீர்கள்? ஓ3 என்று ஒன்று இருப்பதே வேகத்துக்குத்தானே?

சுட்டி:
ஓ3இன் பெரிய கவர்ச்சியாக இருந்தது ஆட்டோ-வெக்டரைசேஷன், அதாவது லூப்பைக் கம்பைலரே பல எண்களை ஒருசேரக் கையாளும்படி மாற்றுவது. 2022இல் வந்த ஜிசிசி 12 முதல் அதன் சிக்கனமான வடிவம் ஓ2விலேயே வந்துவிட்டது. குறியீடு பெருக்காமல் உறுதியாக லாபம் தரும் லூப்களை மட்டும் அது தொடும். இன்னொரு கம்பைலரான கிளாங் ரொம்ப நாளாகவே ஓ2வில் வெக்டரைஸ் செய்கிறது. இவர் வைத்திருப்பது ஜிசிசி 13. ஆக ஓ2வுக்கும் ஓ3க்கும் நடுவே பத்து வருஷம் முன்பிருந்த இடைவெளி இன்று இல்லை.

ஓ3 மேற்கொண்டு செய்வது: இன்னும் தாராளமான இன்லைனிங் (ஃபங்ஷனைக் கூப்பிடாமல் அதன் குறியீட்டையே அங்கே ஒட்டுவது), ஃபங்ஷன்களைப் பிரதி எடுத்து மாறிலிகளுக்கேற்பச் செதுக்குவது, லூப்புக்குள் இருக்கும் நிபந்தனையை வெளியே எடுத்து லூப்பையே இரண்டாக்குவது. இவை எல்லாமே குறியீட்டைப் பெரிதாக்கும். சூடான லூப் ஒன்றிரண்டு மட்டும் இருக்கும் நிரலுக்கு நல்லது. வேலை ஆயிரம் இடங்களில் சிதறிக் கிடக்கும் நிரலில், அதாவது ஷெல், டெக்ஸ்ட் எடிட்டர், டேட்டாபேஸ் போன்றவற்றில், இன்ஸ்ட்ரக்ஷன் கேஷ் நிரம்பிப் பயன் தேய்ந்துவிடும். சில நேரம் எதிர்த்திசையிலும் போகும்.

2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்திலிருந்து ஸ்டெபிலைசர் என்ற கருவியைப் பற்றிய ஆய்வு வந்தது. நிரல் ஓடும்போதே குறியீடு, ஸ்டாக், ஹீப் மூன்றின் இருப்பிடத்தையும் மாற்றி மாற்றி அமைத்து அளந்தார்கள். எல்எல்விஎம்மின் (கிளாங்குக்கு அடித்தளமானது) ஓ2வுக்கும் ஓ3க்கும் இருந்த வேறுபாட்டை வெறும் இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியவில்லை என்பது முடிவு. அதற்கு முன் 2009இல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிட வேடிக்கை: என்விரான்மென்ட் மாறிகளின் மொத்த அளவு மாறினாலே ஸ்டாக் நகர்ந்து, வேக அளவீடு மாறுகிறது; ஆப்ஜெக்ட் கோப்புகளை லிங்க் செய்யும் வரிசை மாறினாலும் அப்படியே. "பறக்கும்" என்று சொல்பவர்கள் பாதிப் பேர் அளப்பது இதைத்தான்.

வேகவெறியன்:
எனக்குப் பறக்கிறது. 🙂

புதுநிரல்:
பொட்டலம் அண்ணா, மிக்க நன்றி. ஓ2 சேர்த்ததும் டிஸ்ட்ரோ பேக்கேஜைவிடக் கொஞ்சம் வேகமாகவே ஓடுகிறது. ஆனால் இப்போது புதுப் பிரச்சினை. மேக் செக் ஓட்டினால் இரண்டு டெஸ்ட் தோற்கிறது. முடிவு கடைசி இலக்கத்தில் வேறுபடுகிறது. -மார்ச்=நேட்டிவை எடுத்துவிட்டு ஓ2 மட்டும் வைத்தால் எல்லாம் பாஸ். நான் ஃபாஸ்ட்-மேத் எதுவும் போடவில்லை. கம்பைலரில் பிழையா?

மிதவைப்புள்ளி:
கம்பைலரில் பிழை இல்லை. எஃப்எம்ஏ.

உங்கள் பிராசஸரில் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில் செய்யும் வசதி இருக்கிறது. தனித்தனியாகச் செய்தால் பெருக்கிய பிறகு ஒரு முறை, கூட்டிய பிறகு ஒரு முறை என்று இரண்டு தடவை ரவுண்டிங் நடக்கும். எஃப்எம்ஏவில் கடைசியில் ஒரே தடவைதான். விடை பெரும்பாலும் உண்மைக்கு இன்னும் நெருக்கமாகத்தான் வரும், ஆனால் பழைய விடையோடு பிட்டுக்குப் பிட்டு பொருந்தாது. பொதுவான எக்ஸ்86-64 இலக்குக்கு எஃப்எம்ஏ கிடையாது, அதனால் அங்கே டெஸ்ட் பாஸ் ஆகிறது. நேட்டிவ் என்றதும் ஜிசிசிக்கு அந்தக் கட்டளை கிடைத்துவிடுகிறது. அதன் டீஃபால்ட் -எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஃபாஸ்ட் என்பதால், கேட்காமலேயே பயன்படுத்தும். -எஸ்டிடி=சி11 போல ஐஎஸ்ஓ நிலையைக் கறாராகக் கேட்டால் மட்டும் தானாக அணைந்துவிடும்.

நிச்சயப்படுத்திக்கொள்ள -எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். டெஸ்ட் பாஸ் ஆனால் காரணம் இதுதான். அப்புறம் முடிவு உங்கள் கையில்: பிட்டுக்குப் பிட்டு ஒரே விடை வேண்டுமா, இல்லை அந்த டெஸ்டின் டாலரன்ஸைத் தளர்த்தினால் போதுமா. படங்களுக்கு இரண்டாவது போதும் என்பது என் எண்ணம். ஆனால் நூலக ஆசிரியருக்கு ஒரு பக் ரிப்போர்ட் போடுங்கள், மிதவைப்புள்ளி எண்களைச் சமக்குறி போட்டு ஒப்பிடும் டெஸ்ட் இன்றில்லாவிட்டாலும் நாளை ஏஆர்எம் பிராசஸரில் உடையும்.

வேகவெறியன்:
பிட் வித்தியாசத்துக்கே இவ்வளவு கவலையா? நான் ஓஃபாஸ்ட்டில் இருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

மிதவைப்புள்ளி:
ஆகியிருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதில் அதுதான் சிக்கல், கத்திச் சொல்லிவிட்டுச் செயலிழக்காது.

ஓஃபாஸ்ட் என்பது ஓ3யோடு ஃபாஸ்ட்-மேத் சேர்ந்தது. ஃபாஸ்ட்-மேத் என்பது பல வாக்குறுதிகளின் மூட்டை. நிரலை எழுதியவர் சார்பில் நீங்கள் கம்பைலருக்குக் கொடுக்கிறீர்கள். ஒன்று: நான் எண் (என்ஏஎன், 'இது எண் அல்ல' என்று குறிக்கும் சிறப்பு மதிப்பு) வராது, முடிவிலி வராது என்ற வாக்குறுதி. கம்பைலர் அதை நம்பி, "இது நான் எண்ணா?" என்று கேட்கும் சோதனையை "எப்போதும் இல்லை" என்று மடக்கிவிடும். விஞ்ஞானப் படங்களில் பழுதான பிக்சலுக்கு நான் எண் வைப்பது வழக்கம். சராசரி எடுக்கும் லூப்பில் "நான் எண் என்றால் தாண்டு" என்று எழுதியிருப்பார்கள். அந்த வரி பைனரியில் இருக்காது. ஒரு பழுதான பிக்சல் மொத்தச் சராசரியையும் நான் எண்ணாக்கிவிடும்.

இரண்டாவது வாக்குறுதி, கூட்டலை எந்த வரிசையில் வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம் என்பது. வில்லியம் காஹனின் கூட்டல் முறை இருக்கிறதே, ஒவ்வொரு கூட்டலிலும் விட்டுப்போன சிறு பகுதியைத் தனியே பிடித்து அடுத்ததில் சேர்ப்பது, அது முழுக்க வரிசையை நம்பி நிற்பது. இயற்கணிதப்படி பார்த்தால் அந்தத் திருத்தம் பூஜ்யம்தான். கம்பைலர் இயற்கணிதம் போட்டு அதைப் பூஜ்யமாக்கித் தூக்கி எறிந்துவிடும். துல்லியத்துக்காக எழுதிய குறியீடு சாதாரணக் கூட்டலாகிவிடும், எச்சரிக்கை ஒன்றும் வராது.

மூன்றாவது பக்கத்து வீட்டுக்கும் தீ வைப்பது. ஜிசிசி 13க்கு முன்பு, ஃபாஸ்ட்-மேத்தோடு ஒரு ஷேர்டு லைப்ரரியை லிங்க் செய்தால், அது லோட் ஆகும்போதே பிராசஸரின் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரை மாற்றிவிடும். மிகச்சிறிய எண்களை, டபுளில் சுமார் 10இன் மைனஸ் 308ஆம் அடுக்குக்குக் கீழே போவதை எல்லாம், பூஜ்யமாக நடத்தச் சொல்லும். மாறுவது அந்த லைப்ரரிக்கு மட்டும் இல்லை, அதை லோட் செய்த மொத்த புராசஸுக்கும். கணக்குக்கே சம்பந்தமில்லாத ஒரு பைத்தான் பேக்கேஜை இம்போர்ட் செய்ததும் வேறு லைப்ரரியின் விடை மாறியதைக் கண்டுபிடித்து 2022இல் பெரிய பேச்சானது. ஜிசிசி 13இல் ஷேர்டு லைப்ரரிக்கு இதை நிறுத்திவிட்டார்கள். கிளாங் 19 முதல் ஓஃபாஸ்ட்டையே கைவிடப் போவதாக எச்சரிக்கை தருகிறது.

உண்மையிலேயே லாபம் வேண்டுமானால் மூட்டையிலிருந்து ஒன்றிரண்டை உருவி எடுங்கள். -எஃப்நோ-மேத்-எர்னோ (கணக்கில் பிழை வந்தால் எர்னோ என்ற மாறியில் குறிக்க வேண்டாம் என்பது) மட்டும் போட்டால் வர்க்கமூலம் ஒரே கட்டளையாக இறங்கிவிடும். கணக்கின் பிழைக்கு எர்னோவைப் பார்க்கும் நிரல் மிகக் குறைவு, இதனால் யாருடைய விடையும் மாறாது.

இரவுக்காவல்:
நேட்டிவ் பற்றி ஒரு சர்வர்க்காரனின் புலம்பல். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், கன்டெய்னர் இமேஜுக்குள் ஒரு நூலகத்தை -மார்ச்=நேட்டிவ் போட்டு பில்ட் செய்திருந்தார்கள். சிஐயில் (தானாக பில்ட் செய்யும் அமைப்பில்) பில்ட் நடக்கும் மெஷின் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்காது. சில நாள் இமேஜ் எல்லா சர்வரிலும் ஓடும். சில நாள், பாதி சர்வர்களில் "இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்" என்று ஒரே வரி, செத்துவிடும். மூலக்குறியீட்டில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது. ஏவிஎக்ஸ்-512 உள்ள மெஷினில் பில்ட் ஆன நாட்களில்தான் இப்படி என்று கண்டுபிடிப்பதற்குள் எத்தனை பேர் தூக்கம் போச்சு.

புதியது பழையதைவிட எப்போதும் அதிகம் தெரிந்தது என்றும் நினைக்க வேண்டாம். இன்டெல் 12ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளில் ஏவிஎக்ஸ்-512 அதிகாரபூர்வமாக இல்லை, அதற்கு முந்தைய 11ஆம் தலைமுறையில் இருந்தது.

பில்ட் செய்த மெஷினிலேயே ஓடும் என்றால் நேட்டிவ் தாராளமாகப் போடலாம். வேறு மெஷினுக்குப் போகும் என்றால் எக்ஸ்86-64-வி2, வி3 என்ற நிலைகளைப் பயன்படுத்துங்கள், ஜிசிசி 11, கிளாங் 12 முதல் இருக்கின்றன. வி2 என்றால் எஸ்எஸ்இ4.2 வரை, வி3 என்றால் ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ எல்லாம், வி4 ஏவிஎக்ஸ்-512. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 குறைந்தபட்சமே வி2, 10இல் வி3. எதுவும் தெரியாத மெஷினுக்கு அனுப்புவதானால் மார்ச்சை விட்டுவிட்டு -எம்டியூன் மட்டும். அது கட்டளைகளின் தேர்வையும் வரிசையையும் குறிப்பிட்ட சிப்புக்குத் தோதாக வைக்கும், ஆனால் பழைய சிப்பில் ஓடாத கட்டளை எதையும் நுழைக்காது.

டிஸ்ட்சிசி வைத்துப் பல மெஷினில் பகிர்ந்து கம்பைல் செய்பவர்களும் நேட்டிவ் பக்கம் போகாதீர்கள். நேட்டிவ் என்பது எந்த மெஷினில் கம்பைலர் ஓடுகிறதோ அதைக் குறிக்கும்.

சுட்டி:
இதோடு சேர்த்து: எஃப்எஃப்எம்பெக் (வீடியோ), ஓபன்பிளாஸ் (மேட்ரிக்ஸ் கணக்கு) போன்றவற்றில் நேட்டிவால் பெரிய லாபம் எதிர்பார்க்காதீர்கள். சூடான பகுதிகள் அங்கே அசெம்பிளியில் கையால் எழுதப்பட்டு, ஓடும்போது சிப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன (ஓபன்பிளாஸில் டைனமிக் ஆர்க் போட்டு பில்ட் செய்திருந்தால்). ஜிலிப்சி என்ற சி நூலகத்தின் மெம்காப்பியும் அப்படித்தான். டிஸ்ட்ரோ பேக்கேஜிலேயே அந்த வேகம் இருக்கிறது.

புதுநிரல்:
எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப் போட்டதும் இரண்டு டெஸ்டும் பாஸ். மிதவைப்புள்ளி சொன்னது சரி. பக் ரிப்போர்ட்டும் போட்டுவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். சில திட்டங்கள் -எஃப்நோ-ஸ்ட்ரிக்ட்-ஏலியாசிங், -எஃப்ராப்வி என்று வேகத்தைக் குறைக்கும் ஃப்ளாக்குகளைத் தாங்களே போட்டிருக்கின்றன. அவற்றை நீக்கினால் லாபமா?

சுட்டி:
தொடாதீர்கள் தம்பி. அது தெரிந்தே போட்டது.

சி மொழியில் குறியுள்ள முழு எண் நிரம்பி வழிந்தால் என்ன ஆகும் என்பது வரையறுக்கப்படவில்லை. கம்பைலர் "வழியாது" என்று வைத்துக்கொண்டு சோதனைகளை நீக்கலாம். ராப்வி போட்டால் சுற்றி வரும் என்று உறுதி. போஸ்ட்கிரெஸ் இந்த இரண்டையும் போடுகிறது. லினக்ஸ் கெர்னல் ஸ்ட்ரிக்ட் ஏலியாசிங்கை (வெவ்வேறு வகைப் பாயின்டர்கள் ஒரே இடத்தைச் சுட்டாது என்று கம்பைலர் நம்புவது) எப்போதோ அணைத்துவிட்டது. கெர்னலில் -எஃப்நோ-டிலீட்-நல்-பாயின்டர்-செக்ஸ் வந்த கதை தெரியுமா? 2009இல் டன் என்ற நெட்வொர்க் டிரைவரில், பாயின்டரை முதலில் பயன்படுத்திவிட்டு அடுத்த வரியில் அது 'நல்' (எதையும் சுட்டாத வெற்றுப் பாயின்டர்) தானா என்று சோதித்திருந்தார்கள். ஏற்கனவே பயன்படுத்தியாயிற்று, ஆகவே அது 'நல்' ஆக இருக்க முடியாது என்று ஜிசிசி சோதனையை எடுத்துவிட்டது. சாதாரணப் பிழையாக இருந்திருக்க வேண்டியது, ரூட் உரிமை பறிக்கும் ஓட்டையானது.

ஓ3 போட்டதும் ஏதாவது செயலி உடைந்தால், உடனே கம்பைலரைத் திட்டாமல் -எஃப்சானிடைஸ்=அன்டிஃபைன்ட் (இப்படி வரையறுக்கப்படாதவற்றை ஓடும்போதே பிடிப்பது) போட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி மூலக்குறியீட்டில் இருப்பார்.

பொட்டலம்:
எல்டிஓ (-எஃப்எல்டிஓ, லிங்க் செய்யும்போது எல்லாக் கோப்புகளையும் சேர்த்து ஆப்டிமைஸ் செய்வது) பற்றி வேகவெறியன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஓபன்சூசே டம்பிள்வீட் 2019இலேயே டீஃபால்ட்டாக்கியது, ஃபெடோரா 33இல் வந்தது. கோப்புகளைத் தாண்டி இன்லைன் செய்வது, யாரும் கூப்பிடாத ஃபங்ஷனை நீக்குவது, பைனரி சிறிதாவது என்று லாபம் ஓ3யைவிட நம்பகமானது. ஸ்டாட்டிக் லைப்ரரி இருந்தால் ஏஆர்க்குப் பதில் ஜிசிசி-ஏஆர், ரேன்லிப்புக்குப் பதில் ஜிசிசி-ரேன்லிப். இல்லாவிட்டால் லிங்கர் சிம்பல் எதுவும் கிடைக்கவில்லை என்று அழும்.

ஆனால் உண்மையான தூக்கல் பிஜிஓவில், அதாவது நிரலை ஓட்டிப் பார்த்து அதற்கேற்ப ஆப்டிமைஸ் செய்வதில். -எஃப்புரொஃபைல்-ஜெனரேட் போட்டு பில்ட், உங்கள் நிஜ வேலையை அதில் ஓட்டுவது, பிறகு -எஃப்புரொஃபைல்-யூஸ் போட்டு மறு பில்ட். எந்தக் கிளை அடிக்கடி நடக்கிறது, எந்த லூப் சூடானது என்று கம்பைலர் ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்தே சொல்லலாம். பைத்தானை மூலத்திலிருந்து பில்ட் செய்யும்போது --எனேபிள்-ஆப்டிமைசேஷன்ஸ் கொடுத்தால் நடப்பது இதுதான், அதனால்தான் அவ்வளவு நேரம் எடுக்கிறது. பயிற்சிக்கு ஓட்டும் வேலை நிஜத்தைப் போல இருக்க வேண்டும். பயிற்சியில் ஓடாத பகுதியைக் கம்பைலர் குளிர்ந்தது என்று முடிவுகட்டி, வேகத்துக்குப் பதில் சிறிய அளவுக்காக கம்பைல் செய்யும். ஜேபெக்கில் பயிற்சி கொடுத்துவிட்டு டிஃப் படங்களில் வேலை செய்தால் கை சுட்டுக்கொள்வீர்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லவில்லை. டிஸ்ட்ரோ பேக்கேஜில் ஸ்டாக் புரொடெக்டரும் ஃபோர்ட்டிஃபை சோர்ஸும் (நினைவகம் நிரம்பி வழிவதைப் பிடிக்கும் பாதுகாப்புகள்) சேர்ந்தே வரும். சொந்த சிஃப்ளாக்ஸ் எழுதும்போது அவை சத்தமில்லாமல் போய்விடலாம். வெளியிலிருந்து வரும் படங்களைத் திறக்கும் நூலகத்தில் அவை வேண்டாமா? -எஃப்ஸ்டாக்-புரொடெக்டர்-ஸ்ட்ராங் சேர்த்துக்கொள்ளுங்கள், -டி_ஃபோர்ட்டிஃபை_சோர்ஸ்=2 சேர்த்துக்கொள்ளுங்கள் (ஜிசிசி 12 முதல் 3ம் உண்டு). ஃபோர்ட்டிஃபை ஓ1க்குக் கீழே வேலையே செய்யாது, எச்சரிக்கை மட்டும் வரும்.

வேகவெறியன்:
சும்மா சொல்லக்கூடாது, இன்று என் பட்டியலில் ஃபாஸ்ட்-மேத்தை எடுத்து ஓ3 மட்டும் வைத்து ஒரு ஆடியோ நிரலை ஓட்டிப் பார்த்தேன். வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஓ3யை மட்டும் விடமாட்டேன்.

சுட்டி:
விட வேண்டாம். பெர்ஃப் (நேரம் எங்கே போகிறது என்று காட்டும் கருவி) போட்டுப் பார்த்து, சூடான கோப்பு எது என்று தெரிந்தால் அதற்கு மட்டும் ஓ3, மற்றதெல்லாம் ஓ2 என்று வைக்கலாம். ஒரே வரியில் இரண்டு ஓ நிலை வந்தால் கடைசியாக வருவதுதான் செல்லும்.

புதுநிரல்:
கடைசியாக ஒன்று. ஆறு மாதம் கழித்து, இந்த பைனரியை எந்த ஃப்ளாக்கில் பில்ட் செய்தேன் என்று பைனரியைப் பார்த்தே கண்டுபிடிக்க வழி உண்டா?

பொட்டலம்:
-ஜி போட்டு, பிறகு ஸ்டிரிப் செய்யாமல் (டீபக் தகவலை நீக்காமல்) இருந்தால் டீபக் தகவலிலேயே இருக்கிறது, புரொட்யூசர் என்ற புலத்தில். ரீட்எல்ஃப் --டீபக்-டம்ப்=இன்ஃபோ ஓட்டித் தேடுங்கள். ஸ்டிரிப் செய்வீர்கள் என்றால் -எஃப்ரெக்கார்ட்-ஜிசிசி-ஸ்விட்ச்சஸ் சேர்த்து பில்ட் செய்யுங்கள், தனி செக்ஷனில் எழுதி வைக்கும். நேட்டிவ் என்று கொடுத்திருந்தாலும் புரொட்யூசர் புலத்தில் அது விரிந்து, எந்த சிப் என்ற பெயரோடு இருக்கும்.